முகர்ந்து பார்த்து எழுதவும்

ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். ‘நலம்’ என்று எழுதும்போதே ஒரு தடவை எழுந்துபோய் மகாராணி மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன், அதனால் நீ நம்பலாம். அவளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? பயிற்சிக்குப் போன இடத்தில் அண்ணிக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

பெட்டியில் மூன்று ஜாடி வைத்திருக்கிறேன். போன தடவை அனுப்பியது ருசி பார்க்க. இது உன் புகைக்கறிக் கடைக்கே. காப்பிக்கொட்டையைக் கறுக்க வறுத்துக் கொரகொரப்பாக அரைத்தேன். மாவாக அரைத்தால் கறியின் மேல் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். மிளகு, காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், துளி கடுகு, நாட்டுச்சர்க்கரை. பூண்டைச் சீவி வெயிலில் காயவைத்துப் பொடித்துச் சேர்த்திருக்கிறேன். உப்பு மட்டும் இல்லை. நீதான் முதல் நாளே கறிக்கு உப்பு தடவி வைத்துவிடுவாயே, இரண்டு பேரும் போட்டால் அப்புறம் கடல்தான்.

“வேதியியல் படிச்சது உங்க அண்ணன் மாட்டுக்கறிக்குப் பொடி இடிக்கத்தானா?” என்கிறார் இவர். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். எனக்குக் கவலை வேறு. அரைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கிறேனே, அந்தக் காப்பி பாலில் இறங்கி இவள் தூக்கத்தைக் கெடுக்குமோ? டாக்டரிடமே கேட்டுவிட்டேன். “அம்மா, நீங்க ஜாடியையே முழுங்கினாலும் உங்க பொண்ணு எழுந்து உக்காந்து பரீட்சைக்குப் படிக்கமாட்டா” என்றார். எல்லாரும் என்னிடம் இப்படித்தான் பேசுகிறார்கள் இப்போது.

மணி அடித்தால் இவள் விழித்துக்கொள்கிறாள் என்று போன் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். பார்சல் வண்டி தினமும் உன் தெரு வழியாகத்தானே போகிறது, ஜாடியோடு கடிதமும் வரட்டும். கறி வெந்ததும் வாசனை எப்படி இருந்தது என்று வரிவரியாக எழுது. உனக்குத்தான் அதை எழுத வரும்.

அன்புடன்,
உன் தங்கை


ஜூன் 14

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் சௌக்கியம். அண்ணியும் சௌக்கியம், அங்கே சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள் என்று ஒரு பக்கம் அழுது எழுதியிருக்கிறாள். மகாராணி நன்றாகத்தான் மூச்சு விடுவாள். நீ கொஞ்சம் மூச்சு விடு.

கேட்டாயே, எழுதுகிறேன். நெஞ்சுக்கறியில் உன் பொடியை அழுத்தித் தேய்த்துப் புகைப்பெட்டியில் ஏற்றினேன். கொய்யா விறகு. முதல் ஒரு மணி நேரம் வெறும் காப்பிக்கடை வாசனைதான், யாராவது வந்து டிகாக்‌ஷன் கேட்பார்கள் போலிருந்தது. அப்புறம் சர்க்கரை இளகியது. மழை விட்ட தார் ரோட்டில் யாரோ கடலை வறுக்கிற மாதிரி ஒன்று வந்தது. மத்தியானத்துக்கு மேல் கொழுப்பு உருகிக் காப்பியோடு சேர்ந்தது பார், அதற்கு எனக்கு வார்த்தை இல்லை. எதிர்க்கடை டைலர் ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே வந்து நின்றார். “என்னய்யா பண்றே உள்ளே? என்னால காஜா எடுக்க முடியல” என்றார்.

நான் கடிகாரம் பார்த்துக் கறி இறக்குகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். மூக்கு ‘போதும்’ என்றால் இறக்குவேன். வாங்குவதும் அப்படித்தான். கறிக்கடைக்காரர் நான் குனிந்து முகர்வதைப் பார்த்தாலே முந்தின நாள் துண்டைத் தானாகவே பின்னால் தள்ளி வைத்துவிடுகிறார். முகர்ந்துகொண்டே இருந்தேன். வெட்டும்போது மேலோடு கன்னங்கரேல், உள்ளே ரோஜா நிறம். வந்தவர்கள் தட்டை வழித்தார்கள்.

இன்னும் அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்து இரண்டு கடிதம் போட்டேன், இரண்டுக்கும் பதில் இல்லை. காலி ஜாடிகூடத் திரும்பவில்லை. கடை கூட்டமாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்ட அடுத்த நிமிஷம் புகைப்பெட்டி வெடித்த மாதிரி கண்ணுக்குள் வருகிறது.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துணியை மடிக்கிறேன், மடித்ததைக் கலைத்து மறுபடி மடிக்கிறேன். இந்த வாரம் பாலை மூன்று தடவை கொட்டிவிட்டேன். முகர்ந்தால் புளித்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது தடவை இவர் தம்ளரைப் பிடுங்கிக் குடித்துக்காட்டினார். “பாலா கெட்டிருக்கு? உன் மூக்குதான் கெட்டிருக்கு!” இருக்கலாம். எனக்கு இப்போது எல்லாமே கெட்டுப்போனதுபோல்தான் மணக்கிறது. காப்பிப்பொடி ஒன்றுதான் உள்ளபடி மணக்கிறது. அதனால்தான் அரைத்துக்கொண்டே இருக்கிறேனோ என்னவோ.

ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை


ஆகஸ்ட் 1

அன்புள்ள தங்கைக்கு,

கவலைப்படாதே. காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கடுமையான சளி, கடையைப் பூட்டி வைத்திருந்தேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. அண்ணிக்கு எழுதவில்லை, நீயும் எழுதாதே, பயிற்சியை விட்டுவிட்டு ஓடிவருவாள்.

நல்ல செய்தி ஒன்று. பஸ் டெப்போ மேலாளர் ஓய்வுபெறுகிறார். அக்டோபர் முதல் ஞாயிறு விருந்து. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவார்கள். கறி முழுக்க நம் கடை. இது நன்றாக முடிந்தால் கடை காலூன்றிவிடும்.

பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பு.

அண்ணன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் பார்த்துத்தான் உயிர் வந்தது. காய்ச்சல் என்றால் என்ன காய்ச்சல்? ரத்தம் சோதித்தார்களா? சளி நெஞ்சில் இறங்கவில்லையே? இரண்டு பக்கத்துக்குக் குறைந்து நீ எழுதியதில்லை. இது மின்சார வாரிய நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

டெப்போ விருந்து கேட்டு இவருக்கும் சந்தோஷம். நேற்று முழுக்க மிக்ஸி ஓய்வில்லை. காலையில் உனக்குப் பொடி. மத்தியானம் மகாராணிக்கு வறுத்த தானியக் கஞ்சிப்பொடி. கஞ்சி ஆரம்பித்துவிட்டோம், மூன்று வாய் வாங்குகிறாள், நாலாவது என் முகத்துக்கு வருகிறது. கஞ்சிப்பொடி போன மாதத்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இது அதற்கப்புறம். இரண்டையும் ஒரே மாதிரி ஜாம் பாட்டில்களில் அடைத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே பழுப்பு, அக்கா தங்கைபோல. மனசுக்கு நிறைவாக இருந்தது.

உன் ஜாடிகள் பெட்டியில். வாசனை எப்படி என்று பழையபடி எழுது. காய்ச்சல் வந்த நாக்குக்கு இது நன்றாக இருக்கும்.

உன் தங்கை


ஆகஸ்ட் 17

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலந்தானே.

நோட்டீஸ் என்று திட்டினாயே, இந்தா பெரிதாக எழுதுகிறேன். பொடி வந்தது. இரண்டு நாள் கறிக்குப் போட்டேன். காரம் மட்டும் கொஞ்சம் குறைச்சல், மற்றபடி அதே மணம், அதே காப்பி. தெருவே தூக்கியது. மேலோடுகூட முன்னைவிட மொத்தமாக, மொறுமொறுவென்று வந்தது. நிறம் சற்று வெளுப்பு, வறுப்பைக் கூட்டலாம். பல் செட் கட்டிய ஒரு பெரியவர், “இன்னிக்குக் கறி என்னமோ பச்சப்பிள்ளை சாப்பிடற மாதிரி இருக்குப்பா” என்றார். மெத்தென்று இருக்கிறது என்கிறார்.

டெப்போவுக்கும் இதே கலவை போதும். மாற்றாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். ஆனால் மகாராணியை இடது கையிலிருந்து இறக்காமலே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை பழைய கஞ்சிப்பொடி தீர்ந்து புது ஜாடியைத் திறந்தேன். கலக்கி ஆற்றி, மகாராணியை மடியில் போட்டு, ஸ்பூன் அவள் உதட்டுக்குப் போய்விட்டது. அப்போதுதான் காப்பியும் மிளகாயும் என் மூக்கில் ஏறின. ஸ்பூனை விட்டெறிந்ததில் சுவரெல்லாம் பழுப்பு. அவள் வாய்க்குள் ஒன்றும் போகவில்லை. போகவில்லை என்று ஈறை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன், அதற்குத்தான் அழுதாள்.

அப்படியென்றால் உனக்கு வந்த ஜாடி எது? ராத்திரி எல்லா பாட்டிலையும் திறந்து பார்த்தேன். உன் பொடி முழுக்க இங்கேதான் இருக்கிறது. நீ கறியில் தடவியது மகாராணியின் கஞ்சி அண்ணா. கோதுமையும் பயறும். அதில் காப்பி ஒரு துளி கிடையாது. ‘காரம் குறைச்சல்’ இல்லை, காரமே கிடையாது.

நேற்று மாலை உன் கடிதமும் கைக்கு வந்தது. ‘அதே மணம், அதே காப்பி’ என்று எழுதியிருக்கிறாய். எனக்காகப் பொய் சொன்னாயா? இவளுக்கு மனசு சரியில்லை, நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வைப்போம் என்றா? வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீயுமா?

உன் தங்கை


ஆகஸ்ட் 24

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தைக்கு ஒன்றுமில்லையே, அது போதும். உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே.

ஆமாம், பொய்தான் சொன்னேன். திறந்ததுமே தெரிந்துவிட்டது, இது நம் பொடி இல்லையென்று. சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். நீ இருக்கிற நிலையில் வேறென்ன எழுதுவது? ஜாடியைத் தூக்கி வைத்துவிட்டேன். சரியான பொடியை அனுப்பு, விஷயம் முடிந்தது. நன்றாகத் தூங்கு.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

சரியான பொடி பெட்டியில் இருக்கிறது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் பயந்தவள்தான், முட்டாள் இல்லை. நல்லது சொல்லி ஏமாற்ற நினைக்கிறவன் ‘காரம் குறைச்சல், நிறம் வெளுப்பு, வறுப்பைக் கூட்டு’ என்று குறை சொல்வானா? மேலோடு மொத்தமாக வந்தது என்று எப்படித் தெரியும், தடவிப் புகைபோட்டு வெட்டாமல்? மாவு அப்படித்தான் மொத்தமாகப் பிடிக்கும். நீ அதைச் சமைத்தாய், தின்றாய், விற்றாய். நாக்குக்கு எட்டியதையெல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய், கண்ணுக்குப் பட்டதையும் எழுதியிருக்கிறாய். மூக்குக்கு வந்திருக்க வேண்டியதை மட்டும் பழைய கடிதத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாய்.

காய்ச்சலுக்குப் பிறகு உனக்கு வாசனை தெரிகிறதா அண்ணா?

தெரியவில்லை என்றால் கறியை எப்படி வாங்குகிறாய்? எப்படி இறக்குகிறாய்? கடையில் கேஸ் கசிந்தால்? டெப்போ விருந்துக்கு என் மகள் வயசுப் பிள்ளைகளும் வரும். தாய்மார்கள் தட்டிலிருந்து பிய்த்து ஊட்டுவார்கள். என் மனநிலையைப் போர்வையாக எடுத்து நீ போர்த்திக்கொள்ளாதே, அது எனக்கே போதவில்லை.

நீ நலமா? உண்மையாகக் கேட்கிறேன்.

உன் தங்கை


செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம்.

காலி ஜாடிகள் வந்தன. கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றி, அவ்வளவு பத்திரமாக. கடிதம் மட்டும் இல்லை. நான்கு பாட்டிலுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தேன். பார்சல் வண்டிக்காரரிடம் கேட்டேன். “அண்ணன் நல்லாத்தாம்மா இருக்காரு. முன்னே எல்லாம் வண்டி நின்னா, டீசல் ஒழுகுது பாருய்யான்னு தெருமுனையிலேயே கத்துவாரு. இப்ப ஒண்ணும் சொல்றதில்ல, அமைதியாயிட்டாரு” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

கோபமாக இருந்தால் இரு. அண்ணிக்கு நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவை கிழித்தேன். அது நீ எழுத வேண்டியது. விருந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. முடியாது என்று சொல்ல இப்போதுகூட நேரம் இருக்கிறது.

உன் தங்கை


அக்டோபர் 3, சனி காலை

தங்கைக்கு,

நலம் எல்லாம் அப்புறம்.

இந்தக் கடிதத்தோடு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ஒரு துண்டு பச்சைக்கறி வருகிறது. முகர்ந்து பார். வண்டி மத்தியானம் உன் ஊரிலிருந்து திரும்பும், அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. நல்லது, அல்லது கெட்டது. போனில் நீ வயரைச் செருகினாலும் உன் குரல்தான் வரும், என் கறி உன்னிடம் வராது.

நேற்று சாயங்காலம் விருந்துக் கறி முழுக்க வந்து இறங்கியது. ராத்திரி கரண்ட் போயிருக்கிறது. எப்போது போனது, எப்போது வந்தது, தெரியாது. விடிந்து குளிர்பெட்டியைத் திறந்தால் பனி உருகித் தண்ணீர் நிற்கிறது. கறி சிவப்பாகத்தான் இருக்கிறது, தொட்டால் வழுக்கவில்லை. முகத்தை வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தேன். கண்ணாடியை முகர்ந்த மாதிரி இருக்கிறது.

ஜூலையிலிருந்தே இப்படித்தான். இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று தினமும் காலையில் உன் ஜாடியைத் திறந்து முகர்வேன். மிளகு தும்மல் தரும். அவ்வளவுதான். போன மாதம் ஒருத்தர் தட்டைத் தள்ளினார். “ஒரு மாதிரி இருக்கே” என்றார். “புகை வாசனை சார், பழகினா சரியாயிடும்” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் வீட்டுப் பக்கம் இரண்டு தடவை சைக்கிளில் போனேன். வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷன் பல் தேய்ப்பதைப் பார்த்து யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

டைலரைக் கூப்பிட்டு முகரச் சொல்லலாம். சாயங்காலத்துக்குள் தெருவே பேசும், புகைக்கறிக்காரனுக்கு மூக்கு போச்சென்று. விற்றவரைக் கேட்டால் நல்ல கறி என்றுதான் சொல்வார். நீ ஒருத்திதான்.

இன்று சூரியன் சாய்வதற்குள் நெருப்பு மூட்டினால்தான் நாளை மத்தியானத்துக்கு வேகும்.

அண்ணன்


அக்டோபர் 3, மத்தியானம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லது.

அந்த ஒரு வார்த்தை உனக்கு. மிச்சம் நான் எழுதாமல் இருக்க முடியாது என்பதால்.

பெட்டியைத் திறந்து முகர்ந்ததும் கெட்டுவிட்டது என்றுதான் பட்டது. எனக்கு எது அப்படிப் படாமல் இருந்திருக்கிறது? ‘கெட்டது’ என்று எழுதிக்கூட விட்டேன். எழுதிவிட்டு, உன் விருந்தைக் கொட்டுவது என் பயமா என் மூக்கா என்று உட்கார்ந்து யோசித்தேன். பிறகு மகாராணியை இவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கறிக்கடைக்கு ஓடினேன். இன்று காலை வெட்டிய அதே நெஞ்சுக்கறியில் ஒரு துண்டு வாங்கினேன். மூன்று தட்டு. இரண்டில் கடைக்கறி, ஒன்றில் உன்னுடையது. என் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, இடம் மாற்றி மாற்றி நீட்டச் சொன்னேன் இவரை. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பச்சைக்கறி. “கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்ல இதை யாரும் சொல்லலையே” என்று முனகிக்கொண்டே நீட்டினார்.

எத்தனை தடவை மாற்றினாலும் உன்னுடையது எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றும் ஒரே மாதிரி, சுத்தமான இரும்பு வாசனை. இவரும் முகர்ந்தார். “மூணும் மாடுதான்” என்று தீர்ப்பு சொன்னார். உன் துண்டு கெடவில்லை அண்ணா. ஒரு பொருளை நல்லது என்று நான் சொல்லிப் பல மாதம் ஆகிறது, கேட்டுக்கொள்.

ஆனால் ஒரு துண்டை வைத்து மற்றதற்கெல்லாம் நான் சாட்சி சொல்ல மாட்டேன். அடியில் கிடந்தது ஒரு மாதிரி, மேலே இருந்தது ஒரு மாதிரி இருக்கும். நெருப்பு மூட்டாதே. அடுத்த பஸ்ஸில் மகாராணியோடு புறப்படுகிறேன். “குழந்தையை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நீயா?” என்றார் இவர். நானேதான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பையில் தேவைக்கு மூன்று மடங்கு துணி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டாக முகர்வேன். ஒன்று சந்தேகம் என்றாலும் அது புகைப்பெட்டிக்குள் போகாது, குறைகிற கறிக்கு டெப்போக்காரர்களிடம் நீதான் வாயைத் திறக்க வேண்டும்.

இந்த ஒரு விருந்துக்குத்தான் நான் உன் மூக்கு. திங்கட்கிழமை நாம் டாக்டரிடம் போகிறோம். அங்கேயே உட்கார்ந்து அண்ணிக்கு எழுதுகிறாய்.

அப்புறம், நான் வந்து இறங்குவதற்குள் எதிர்க்கடைக்குப் போ. டைலரிடம் உன் வாயால் சொல். டாக்டரைப் பார்த்ததும் நான் ஊருக்குத் திரும்பிவிடுவேன், தினமும் உன் கறியை முகர தெருவில் ஒரு ஆள் வேண்டும், அந்த மனுஷனுக்குத்தான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே மூக்கு வேலை செய்கிறதே. தெரு பேசினால் பேசட்டும். நீ சொல்லவில்லை என்றால் நான் பஸ்ஸிலிருந்து இறங்கமாட்டேன். சரி, இறங்குவேன். ஆனால் ஒரு துண்டைக்கூடத் தொடமாட்டேன்.

பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதே. ஐஸ் வாங்கிப் போட்டுக் கறிப்பக்கத்திலேயே இரு.

உன் தங்கை